அளந்த கை: தாது வருஷப் பஞ்ச நிவாரணமும் சேரி மக்களும்



மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைந்துபோவது நினைவுச் சொற்பொழிவு ஆகாது. அவர் செய்துவந்த வேலையில் ஒரு பிடியையாவது எடுத்துத் தொடர வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை அரசு ஆவணங்களின் இடுக்குகளிலிருந்து தேடி எடுத்துப் பொதுவில் வைப்பது அந்த வேலைகளில் ஒன்று. அந்த வழியில் இன்று நாம் பேசப்போவது பசியைப் பற்றியும் பசிக்கு உணவு கொடுக்க நடந்த முயற்சிகளைப் பற்றியும்.

2024இல் சூடான் நாட்டின் ஜம்ஜம் உள்நாட்டு இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் நிலவுவதாக உலக வல்லுநர் குழு அறிவித்தது. இத்தகைய நெருக்கடி எங்கே வந்தாலும் சில கேள்விகள் எழுகின்றன. ஒரு மனிதருக்கு எவ்வளவு தானியம் கொடுத்தால் போதும்? அதை யார் வழியாகக் கொடுப்பது? வேலை வாங்கிக்கொண்டு கொடுப்பதா, சும்மா கொடுப்பதா? இந்தக் கேள்விகளெல்லாம் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு நம் மண்ணில் எழுந்தவை. லட்சக்கணக்கான சேரி மக்களின் உடம்பை வைத்துத்தான் அவற்றுக்கு விடை தேடினார்கள். நாம் சொல்வது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தை.

1. மழை பொய்த்ததும் கூலி பொய்த்ததும்

1876இல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வடஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாக வறட்சி பரவியது. மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளும் தப்பவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர் என்று பின்னர் அமைந்த பஞ்சக் கமிஷன் மதிப்பிட்டது. சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கும் மேலிருந்த மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. பத்தாண்டுகளில் கூடியிருக்க வேண்டிய எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. ஆனால் சாவு எல்லோர் வீட்டிலும் ஒரே அளவில் நுழையவில்லை. நிலமில்லாத கூலிகள், கைத்தொழிலாளர்கள், நெசவாளர்கள் ஆகியோரே அதிகம் மாண்டார்கள். நிலமில்லாத கூலிகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் சாதி மறைந்துவிடுகிறது. தமிழ் மாவட்டங்களில் அவர்களில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட மக்கள். தெலுங்கு மாவட்டங்களில் மாலர், மாதிகர்.

இதன் இயக்கம் எளிமையானது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை முறையைச் சட்டப்படி ஏற்க மறுத்தது. ஆனால் படியாள் முறை தொடர்ந்தது. படியாளுக்குக் கூலி தானியமாகத்தான் வந்தது. அந்தப் பெயரே படியால் அளந்து கொடுப்பதிலிருந்து வந்தது. விளைச்சல் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் படி இல்லை. மிராசுதாரிடம் குதிரில் பழைய தானியம் இருந்தது, விற்க நகை இருந்தது, கடன் கொடுக்க ஆள் இருந்தது. படியாளிடம் விற்பதற்கு அவர் உழைப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை, அதை வாங்கத்தான் ஆள் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்திருந்தவர்கள் சோறு போட வேண்டிய காலத்தில் போய்க்கொள் என்று கைவிட்டார்கள்.

நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னைத் துறைமுகத்தில் வங்காளத்து அரிசியும் பர்மா அரிசியும் இறங்கிக்கொண்டிருந்தன. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது அன்றைய ஆட்சியாளர்களின் கொள்கை. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் அரசு வெளியே தெரியாமல் தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்றது. இந்திய அரசு அதைக் கண்டித்தது. அரிசி கடைகளில் இருந்தது, விலைதான் எட்டவில்லை. கூலியே இல்லாதவருக்கு விலை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

2. ஒரு பவுண்டு

1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு, பஞ்ச நிவாரணத்தைக் கண்காணிக்கும் தனித் தூதராக சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். வந்த வேலை உயிரைக் காப்பாற்றுவது மட்டுமில்லை, செலவைக் குறைப்பதும்தான்.

டெம்பிளின் முன்கதையை அறிந்தால்தான் இது புரியும். 1873–74இல் பீகார், வங்காளப் பகுதியில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் அவரே. பர்மாவிலிருந்து நான்கு லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. வரலாற்றில் அது பாராட்டப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அவருக்குக் கிடைத்தது கண்டனம்: பணத்தை வாரியிறைத்துவிட்டார் என்றார்கள். அந்தக் கண்டனத்தைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பாகச் சென்னைப் பஞ்சம் அவருக்கு அமைந்தது. நிவாரணம் எப்படிச் செய்தால் மக்கள் பிழைப்பார்கள் என்று தெரியாமல் நம் மக்கள் சாகவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்பே அது தெரிந்திருந்தது, செய்தும் காட்டப்பட்டிருந்தது.

நிவாரண வேலைகளில் இருந்த பெருங்கூட்டத்தை டெம்பிள் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்குக் கூலியாக ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், அதற்கு மேல் ஒரு அணாவும் போதும் என்றார். அதற்கு முன் ஒன்றரை பவுண்டு அளவில் இருந்தது இது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. வரலாற்றில் இதற்கு ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிற்கால ஆய்வாளர் மைக் டேவிஸ் இந்த உணவின் ஆற்றலை 1,627 கலோரி என்று கணக்கிட்டு, நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமில் கொடுக்கப்பட்ட 1,750 கலோரியைவிட இது குறைவு என்று எழுதினார்.

இதை அன்றைக்கே எதிர்த்தவர் சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இவரே. மக்களை எண்ணியவர், அவர்கள் எண்ணிக்கையிலிருந்து மறைவதையும் பார்த்தார். அவருடைய வாதங்களை இன்றும் படிக்கலாம். மாகாணச் சிறைகளில் கைதிகளுக்கே இதைவிட அதிக உணவு கொடுக்கப்படுகிறது என்றார். கம்பும் கேழ்வரகும் சோளமும் தின்று வளர்ந்த உடம்புக்குப் பருப்பு இல்லாமல் வெறும் அரிசியை மட்டும் கொடுத்தால் சதை கரையும் என்றார். மெலிவு கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் குடல் கெட்டுவிடும், பிறகு சோறு போட்டாலும் உடம்பு ஏற்காது என்றார். கழிச்சலும் சீதபேதியும் முகாம்களில் அள்ளிக்கொண்டு போனதை அறிக்கைகளாக அடுக்கினார். இன்று குழந்தைகளின் கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பற்றி மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை அந்த அறிக்கைகளில் இருக்கிறது. அவருடைய விடாமுயற்சியால் பின்னர் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

அதிகாரிகள் மட்டுமே இதில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலி வெட்டை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டினியில் இருப்பவர்கள், கிடைக்கும் ஒரே சோற்றையும் வேண்டாமென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கையேந்தி நின்ற கூட்டம் என்று நம் மக்களை வருணிக்கும் புத்தகங்களுக்கு அவர்கள் அப்போதே பதில் சொல்லிவிட்டார்கள்.

3. கஞ்சித் தொட்டியும் ஊர்ப் பட்டியலும்

அளவைப் பற்றிய சண்டை ஆவணங்களில் நிறைய இடம்பிடித்திருக்கிறது. அளந்த கை யாருடையது என்ற கேள்விக்கு அவ்வளவு இடமில்லை. நாம் அதைத்தான் கேட்க வேண்டும்.

நிவாரணம் மூன்று வழிகளில் வந்தது. உடம்பில் வலு உள்ளவர்களுக்கு மண்வேலை: சாலை, ஏரி, கால்வாய். வலு இல்லாதவர்களுக்கு முகாம்களில் சமைத்த கஞ்சி. முகாமுக்கு வர முடியாதவர்களுக்கு ஊரிலேயே காசுப்படி. 1877 செப்டம்பர் வாக்கில் சென்னை மாகாணத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகை நிவாரணத்தில் இருந்தார்கள்.

கஞ்சி ஊற்றுவது சென்னைக்குப் புதிதில்லை. 1782 பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் இப்பஞ்சத்திலும் மக்களுக்குக் கஞ்சி ஊற்றியது. அந்த இடத்தில் பின்னாளில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள்.

சமைத்த உணவை அதிகாரிகள் ஒரு சோதனையாகவும் பயன்படுத்தினார்கள். உண்மையாகப் பசித்தவர்தான் பலரோடு உட்கார்ந்து பொதுக் கஞ்சியைக் குடிப்பார் என்பது கணக்கு. சாதி இந்துக்களில் பலர் முகாம் கஞ்சியைத் தொட மறுத்தார்கள். யார் சமைப்பது, யார் எந்தப் பந்தியில் உட்காருவது என்பதில் சாதி பார்க்க வேண்டியிருந்ததை அதிகாரிகளே பதிவு செய்தார்கள். அந்தச் சங்கடத்துக்கு மாற்று வழி உண்டானது. வெளியே வர முடியாத ‘கௌரவமான’ குடும்பத்துப் பெண்களுக்கு வீடு தேடிப் பணம் போனது.

இப்போது ஊர்ப் பட்டியலைப் பாருங்கள். யாருக்குக் காசுப்படி என்று பெயர் எழுதியவர்கள் கிராம முன்சீப்பும் கர்ணமும். அந்தப் பதவிகளில் இருந்தவர்கள் நிலமுடைய சாதிகளையும் எழுத்துத் தொழில் சாதிகளையும் சேர்ந்தவர்கள். நேற்று வரை எந்தக் களத்தில் படியாளுக்குக் குறைத்து அளந்தார்களோ, அதே களத்துக்காரர்களின் கையில் சர்க்காரின் படியும் போய்ச் சேர்ந்தது. பட்டியல்களில் பொய்ப் பெயர்கள் இருந்ததாகவும் பணம் உரியவர்களுக்குச் சேரவில்லை என்றும் மேலதிகாரிகள் எழுதினார்கள். அதை அவர்கள் நேர்மைக் குறைவு என்று மட்டும் புரிந்துகொண்டார்கள். சாதி என்று புரிந்துகொள்ளவில்லை.

சாதியால் பொதுக் கஞ்சியைக் குடிக்க முடியாதவரின் சங்கடத்தை நிவாரண நிர்வாகம் மதித்தது. சாதியால் ஊர்த் தெருவுக்குள் வர முடியாதவரின் சங்கடத்தை அது ஒரு சங்கடமாகவே கருதவில்லை. கிராமத்தை ஒரு குடும்பமாக எண்ணி அதன் தலைவர்களிடம் சோற்றை ஒப்படைத்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசுவதை ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதற்குப் பஞ்சத்தின் ஏடுகளிலும் ஆதாரம் கிடக்கிறது.

அந்தக் காலத்துப் புகைப்படங்கள் சில நமக்குக் கிடைக்கின்றன. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமாக மனிதர்கள் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறார்கள். படம் எடுத்தவர் அவர்களுக்கு உணவு கொடுத்தாரா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அந்த மனிதர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

4. கால்வாய்க் கரையில் மாதிகர்கள்

அளக்கும் கை மாறினால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே பஞ்சத்தில் ஒரு சான்று உண்டு.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்த் துண்டு 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஆந்திரக் கடலோரத்திலும் இதே கால்வாய் நீண்டது. ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

நெல்லூர் மாவட்டத்து ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி 1866 முதல் வேலை செய்துவந்தார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாதிகர்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் தீண்டத்தகாதவர்களாக்கப்பட்டவர்கள். எர்ரகுண்ட்ல பெரியா என்ற மாதிகப் பெரியவர், யாரும் அழைக்காமல் தாமே தேடிவந்து சேர்ந்து, சுற்று வட்டார ஊர்களில் தம் மக்களிடையே பேசிவந்தார். மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று சாதி இந்துக்கள் சொன்னபோது, கிளஃப் மாதிகர்களோடு நின்றார்.

பஞ்சம் வந்ததும் கால்வாயில் சுமார் மூன்றரை மைல் தூரத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்தார். இளமையில் நில அளவைத் தொழில் அறிந்தவர் அவர். மற்றப் பகுதிகளில் மேஸ்திரிகள் சாதி இந்துக்கள். மாதிகர்களை அடிப்பதும் ஏசுவதும் கூலியில் பிடித்துக்கொள்வதும் வழக்கம். கிளஃப் தம் பகுதியில் மாதிகப் பிரசங்கிகளையே மேஸ்திரிகளாக வைத்தார். ஒவ்வொருவரும் சுமார் நூறு பேருக்குப் பொறுப்பு. அங்கே கூலி முழுதாகக் கைக்கு வந்தது, வசை இல்லை. செய்தி பரவியது. தொலைதூர ஊர்களிலிருந்தும் மாதிகர்கள் நடந்து வந்தார்கள். ஆட்கள் மாறி மாறி வந்து பிழைத்தார்கள்.

பஞ்ச காலம் முழுக்க ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குக் கிளஃப் கொடுக்கவில்லை. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக் கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரணம் ஓய்ந்த பிறகு, 1878 ஜூலை 3ஆம் தேதி, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

மதமாற்றத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வரலாற்றின் நடுவைத் தவறவிடுகிறார்கள். சோறு தீர்ந்த பிறகு வந்தவர்களைச் சோற்றுக்காக வந்தவர்கள் என்று எப்படிச் சொல்வது? அதே அரசின் அதே பஞ்ச வேலைதான். அதே மண், அதே கால்வாய். மேஸ்திரி தம்மவராக இருந்தார், அவ்வளவுதான் மாற்றம். தங்களை மனிதராக எண்ணிக் கூலி அளந்த இடத்தை மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். மிஷனரியிடமும் அதிகாரம் இருந்தது. அவருடைய சமயத் திட்டமும் இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையைத் தாங்கிய மாதிக மேஸ்திரிகளைப் பஞ்ச நிவாரண வரலாற்றில் நிவாரணப் பணியாளர்களாக நாம் பெயர் குறித்து எழுத வேண்டும். பெற்றவர்களாக மட்டும் அவர்களை எழுதிவைத்தது போதும்.

5. லண்டனிலிருந்து வந்த பணம்

1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் லண்டன் மேயரிடம் உதவி கேட்டது. மேன்ஷன் ஹவுஸ் நிதி என்ற பெயரில் பல லட்சம் பவுன் திரண்டது. அதன் செயலாளராக இங்கே உழைத்த பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி, 1878இல் பஞ்ச நிவாரண வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். அரசின் கஞ்சத்தனத்தை அவர் மறைக்கவில்லை. அந்த நிதியைத் தந்த எளிய மக்களின் நல்லெண்ணத்தையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் பணம் எங்கே போனது? விவசாயியை மறுபடி காலூன்ற வைப்பது நிதியின் பெரிய நோக்கமாக இருந்தது. விதை, உழவு மாடு, கூரை ஆகியவற்றுக்குப் பெருந்தொகை போனது. விதையும் மாடும் நிலமுள்ளவருக்குத்தான் உதவும். நிலமே இல்லாத படியாளுக்குக் கூரைக்கு ஓலையும் கட்ட ஒரு துணியும் கிடைத்திருந்தால் உண்டு. பஞ்சத்துக்கு முன் யார் எங்கே இருந்தார்களோ, அங்கேயே திருப்பி நிறுத்துவதுதான் மீட்பு என்றால், சேரி மக்களுக்கு மீட்பு என்பது மறுபடி பண்ணைக்குப் போவதுதான்.

பலர் போகவில்லை. நடந்தார்கள். கடல் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை, கண்டி காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பர்மாவுக்குப் போனார்கள். இலங்கை மலையகத் தமிழர்களின் முன்னோர்களில் பலர் இந்தப் பஞ்சத்தின் பிள்ளைகள். வழியில் விழுந்தவர்களை யாரும் எண்ணவில்லை. அங்கேயும் கங்காணியின் கடன் காத்திருந்தது. ஆனாலும் ஊர்ப் பட்டியலில் பெயர் வருமா என்று காத்திருப்பதைவிட நடப்பது மேல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

6. பஞ்சத்துக்குப் பிறகு

பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. 1883இல் பஞ்ச விதித் தொகுப்பு வந்தது. எந்த நிலையில் பஞ்சம் என்று அறிவிப்பது, என்ன கூலி, யார் பொறுப்பு என்று வரையறுத்த இந்த விதிகளே பிற்கால நிவாரண முறைகளுக்கு முன்னோடி. கார்னிஷின் வாதங்கள் அதில் ஓரளவு இடம்பிடித்தன. நிலத்தைப் பற்றிய கேள்வி இடம்பிடிக்கவில்லை.

அந்தக் கேள்வியைச் சில ஆண்டுகள் கழித்து எழுப்பியவர் செங்கல்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த ட்ரெமன்ஹீர். 1891இல் அவர் எழுதிய அறிக்கை, செங்கல்பட்டுப் பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், கடனால் பண்ணையோடு கட்டப்பட்டிருப்பதையும் விவரித்தது. 1892இல் வந்த அரசாணையின் வழியே பஞ்சமி நிலம் பிறந்தது. அதே 1891இல் பண்டிதர் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். ரெட்டமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். பஞ்சத்தைக் கண்ணால் கண்ட தலைமுறை அது. கஞ்சியைக் கேட்டு நிற்காமல் கல்வியையும் நிலத்தையும் உரிமையையும் கேட்டது. அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994இல் காரணையில் நம் தோழர்கள் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. மாணவருக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. டெம்பிள் கூலியிலும் ஒரு அணாதான். ஒன்று வேலை வாங்கிக்கொண்டு போட்ட அணா, மற்றது படிக்க வந்த பிள்ளைக்குப் போட்ட அணா. இடையில் 43 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டோர் நடத்திய இயக்கங்களை விட்டுவிட்டு இந்த மாற்றத்தை விளக்க முடியாது.

7. இன்று கேட்க வேண்டியவை

கரண்டியின் மீதான சண்டை முடியவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் நடந்த கள ஆய்வை வைத்து, ரேஷன் கடையிலும் பள்ளிச் சத்துணவிலும் சாதி எப்படி நுழைகிறது என்று 2005இல் எழுதினார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியையே மறித்தார்கள். நம் கை சமைத்தாலும் எதிர்ப்பு, நமக்கு அளந்தாலும் குறைப்பு.

ஆகவே மாணவத் தோழர்களிடமும் களத்தில் நிற்கும் தோழர்களிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. எங்கே நிவாரணம் நடந்தாலும், அது புயலானாலும் வெள்ளமானாலும் கடல் கடந்த போர் நிலமானாலும், கிலோ கணக்கைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பட்டியலை எழுதியவர் யார் என்று கேளுங்கள். விநியோகம் எந்தத் தெருவில் நடக்கிறது, அங்கே எல்லோரும் போக முடிகிறதா என்று கேளுங்கள். பெறுகிறவர்களில் யாராவது அளக்கும் இடத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். மீட்பு என்ற பெயரில் மக்களைப் பழைய அடிமைத்தனத்துக்கே திருப்பி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

உங்கள் ஊர்களில் தாது வருஷத்தைப் பற்றிய கும்மிப் பாட்டோ, வாய்மொழிக் கதையோ, பஞ்சத்தில் வெட்டிய ஏரியோ கால்வாயோ இருக்கும். வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வெட்டியவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளந்தவர்கள் எழுதிய வரலாறு நூலகங்களில் நிறைய இருக்கிறது. இனி எழுத வேண்டியது மண் வெட்டியவர்களின் வரலாறு. யாருடைய நினைவில் இன்று கூடினோமோ, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுவே.

 ஜெய் பீம்.